செய்தியின் மூலமும் அங்கத்தினரின் அந்தரங்கமும்

நம் தண்டலத்திலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் உள்ள அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் இன்று இருவகைப் பிழைப்பு ஒருங்கே நடைபெறுகின்றது. பெரியவர்கள் தறியிலோ வயலிலோ இருப்பர். பிள்ளைகளுள் ஒருவர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளுள் ஒன்றுக்குப் பேருந்து ஏறிச் செல்வார். தொழில் எதுவாயினும் கையில் செல்பேசி இல்லாதார் அரியர். பட்டு நூலின் விலை, நெல் கொள்முதலின் நிலவரம், ஆலையில் ஷிப்டு மாறிய செய்தி, உறவினர் வீட்டு மணநாள் ஆகிய யாவும் வாட்ஸப் வழியாகவே நம்மை வந்தடைகின்றன.

இவ்வாறு பழகிவிட்ட ஒரு சாதனத்தைப் பற்றி இரண்டு வினாக்கள் எழுகின்றன. நாம் ஒருவருக்கு எழுதுவதை மூன்றாமவர் படிக்க இயலுமா? ஒரு செய்தியை முதன்முதலில் எழுதியவர் இன்னார் என்று சர்க்கார் கண்டுபிடிக்க வழி இருத்தல் வேண்டுமா? இவ்வினாக்கள் படித்தவர்களுக்கும் வக்கீல்களுக்கும் மட்டுமே உரியவை என்று நாம் ஒதுக்கிவிடலாகாது. இவற்றைப் பற்றிய பெரிய வழக்கு நம் சென்னை உயர்நீதிமன்றத்திலேதான் தொடங்கிற்று. அதன் விவரத்தையும், அதனால் நமக்கு விளையக்கூடிய நன்மை தீமைகளையும் இக்கட்டுரையில் எடுத்துரைக்கிறோம்.

வதந்தியால் நேர்ந்த துன்பங்கள்

முதலில் எதிர்த்தரப்பின் நியாயத்தை நேர்மையாகச் சொல்லிவிடுதல் முறை. 2018 ஆம் ஆண்டு மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் ஊருக்குள் புகுந்துவிட்டனர் என்னும் பொய்ச் செய்தி வாட்ஸப் மூலம் வட மாவட்டங்களில் காட்டுத்தீயெனப் பரவிற்று. திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற ஒரு குடும்பத்தாரை ஊரார் சூழ்ந்து தாக்கினர். 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அதே மாதத்தில் பழவேற்காட்டில் ஆதரவற்றுத் திரிந்த ஒருவரும் இவ்வாறே கொல்லப்பட்டார். வழி கேட்டதும், குழந்தைக்குத் தின்பண்டம் தந்ததுமே குற்றமாகிவிட்ட காலம் அது.

நம் நெடுஞ்சாலையிலேயே நிகழ்ந்த மற்றொன்றும் உண்டு. 2021 டிசம்பரில், சுங்குவார்சத்திரம் பாக்ஸ்கான் ஆலையின் பெண் தொழிலாளர் தங்கியிருந்த பூந்தமல்லிப் பகுதி விடுதி ஒன்றில், உணவு நஞ்சாகி 250க்கு மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அவர்களுள் சிலர் இறந்துவிட்டனர் என்ற செய்தி செல்பேசிகளில் பரவவே, தோழியர் நூற்றுக்கணக்கில் சென்னை–பெங்களூரு சாலையில் அமர்ந்து போக்குவரத்தை நிறுத்தினர். எவரும் இறக்கவில்லை என்று பின்னர்த் தெளிவாயிற்று. வதந்தி பரப்பியதாக யூடியூபில் பேசிவந்த ஒருவர் கைது செய்யப்பட்டார்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் ஒருசேர வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. பொய்ச்செய்தியை முதலில் எழுதியவனைப் பிடிக்க வேண்டும் என்ற ஆத்திரம் இயல்பானதே. ஆயினும் விடுதிப் பெண்கள் வதந்தியை நம்பியதற்குக் காரணம், நோயுற்ற தோழியர் எந்த நிலையில் இருக்கின்றனர் என்ற மெய்ச்செய்தி அவர்களுக்குக் கிட்டாமையே. அவர்களது உணவையும் இருப்பிடத்தையும் பற்றிய குறை உண்மையானது. அக்குறையை முதலில் செல்பேசியில் எழுதத் துணிந்த பெண்ணும், பொய்யை முதலில் எழுதியவனும் கணிப்பொறியின் கண்ணுக்கு ஒரே வகையினரே. இருவரும் ‘மூலகர்த்தா’ எனப்படுவர். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

சென்னை வழக்கு

2018 இல் இருவர் தனித்தனியே சென்னை உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்தனர். இணையத்தில் இழிவுபடுத்துதலும் மிரட்டுதலும் மிகுந்துவிட்டபடியால், மின்னஞ்சல், பேஸ்புக் முதலிய கணக்கு ஒவ்வொன்றையும் ஆதார் அல்லது வேறு சர்க்கார் அடையாளத்துடன் இணைக்க உத்தரவிட வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. விசாரணை வளர வளர, ஆதார் இணைப்பைவிட, செய்தியின் மூலத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழி உண்டா என்பதே முதன்மையான கேள்வியாயிற்று. குற்ற விசாரணைக்கு வேண்டிய தகவலைக் கம்பெனிகள் தருவதில்லை என்பது தமிழக அரசின் வாதம். டெல்லியிலிருந்து இயங்கும் இணைய சுதந்திர அறக்கட்டளை என்னும் உரிமை அமைப்பு, மக்களின் அந்தரங்கத்தைக் காக்க வேண்டும் என்று வழக்கில் தலையிட்டது. பேஸ்புக் கம்பெனி உச்சநீதிமன்றத்தை அணுக, 2019 அக்டோபரில் வழக்கு அங்கு மாற்றப்பட்டது.

பூட்டும் சாவியும்

இவ்வழக்கை விளங்கிக்கொள்ள, வாட்ஸப் செய்தி செல்லும் வழியைச் சற்று அறிதல் வேண்டும். 2016 ஏப்ரல் முதல் அந்நிறுவனம் முழுமையான மறையீட்டு முறையைக் கையாள்கிறது. நாம் எழுதியதும் நம் செல்பேசியிலேயே செய்தி பூட்டப்படுகிறது. அதனைத் திறக்கும் சாவி பெறுபவரின் செல்பேசியில் மட்டுமே உண்டு. இடையில் அதனைச் சுமந்து செல்லும் கம்பெனியிடம் சாவி இல்லை. பெட்டியைக் கொண்டு செல்லும் வண்டிக்காரனுக்கு உள்ளே பட்டா பருத்தியா என்று தெரியாதது போன்ற நிலை அது.

ஆனால் வண்டிக்காரனுக்கு வேறு பல செய்திகள் தெரியும். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டிற்கு, எத்தனை மணிக்கு, எத்தனை முறை பெட்டி போயிற்று என்பதை அவன் அறிவான். அவ்வாறே, யார் யாருடன் எப்போது தொடர்பு கொண்டார் என்னும் விவரம் கம்பெனிக்குக் கிடைக்கிறது. சிம் அட்டை வாங்கும்போது நாம் கொடுத்த அடையாளம் தொலைபேசி நிறுவனத்திடம் இருக்கிறது. எந்தக் கோபுரத்தின் எல்லைக்குள் நம் செல்பேசி இருந்தது என்பதும் பதிவாகிறது. இணையத்தில் நுழையும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஓர் எண் உண்டு. அவ்வெண்ணை எப்போது யாருக்கு அளித்தோம் என்று சேவை நிறுவனங்கள் குறித்து வைக்கின்றன. ஆகவே செல்பேசிக்காரர் எவரும் அடியோடு மறைந்து வாழ்பவர் அல்லர். குற்றவாளியைத் தேடும் காவலர்க்கு, சட்டப்படி கேட்டுப் பெறத்தக்க தடயங்கள் இப்போதே பல இருக்கின்றன.

இரு பேராசிரியர்களின் கருத்து

சென்னை ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் வி. காமகோடி 2019 இல் உயர்நீதிமன்றத்திற்கு ஒரு யோசனை சமர்ப்பித்தார். செய்தியை எழுதுபவர், அதனைப் பிறர் மேலும் அனுப்பலாமா கூடாதா என்று குறிப்பிடலாம். அனுப்பலாம் என்று விடப்பட்ட செய்தியுடன் மூலகர்த்தாவின் எண்ணும் கூடவே செல்லும். அவ்வெண் வெளிப்படையாகத் தெரியலாம்; அல்லது அதுவும் பூட்டப்பட்டு, நீதிமன்றம் கேட்கும்போது மட்டும் கம்பெனியால் திறக்கப்படலாம். இதனால் செய்தியின் பொருளைக் கம்பெனி படிக்க நேராது என்பது அவர் கருத்து.

பம்பாய் ஐ.ஐ.டி.யின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன், உரிமை அமைப்பின் சார்பில் மறுப்புரை தந்தார். தீய நோக்கமுடையோர் இம்முறையை எளிதில் ஏய்த்துவிடுவர் என்றும், நேர்மையாகப் பழகும் மக்களின் அந்தரங்கமே குறைந்துபோகும் என்றும் அவர் எடுத்துக் காட்டினார்.

இவ்வாதத்தின் வலிமையை ஓர் உதாரணத்தால் காணலாம். ஒருவர் வேறொரு தளத்தில் கண்ட படத்தை இறக்கி, ஊர்க் குழுவில் முதலில் இடுகிறார். படத்தைச் செய்தவர் அவர் அல்லர். எனினும் வாட்ஸப் கணக்கில் மூலகர்த்தா அவரே. உண்மையில் பொய்யைப் புனைந்தவன் அயல்நாட்டு எண்ணைப் பயன்படுத்தியிருக்கலாம். மாற்றியமைத்த செயலியைக் கையாண்டிருக்கலாம். வலையில் அகப்படுபவர் விவரம் அறியாத நம் அண்டை வீட்டாராக இருத்தல் கூடும்.

சர்க்கார் தரப்பில் பின்னர் வேறொரு வழியும் பேசப்பட்டது. செய்தி ஒவ்வொன்றுக்கும் அதன் எழுத்துகளைக் கொண்டு கணக்கிட்ட ஒரு குறியெண்ணை இட்டு வைப்பது அவ்வழி. ஒரு சேலையின் பாவு இழை, ஊடை இழை, நிறம் ஆகியவற்றைக் கணக்கிட்டு ஓர் எண் தருவதாகக் கொள்வோம். ஓர் இழை மாறினாலும் எண் முற்றிலும் மாறிவிடும். அதுபோலவே செய்தியில் ஒரு புள்ளியைக் கூட்டினாலும் குறியெண் வேறாகும். அறிந்தவன் புள்ளியை மாற்றித் தப்புவான், அறியாதவன் அகப்படுவான். மேலும், எந்தச் செய்தி நாளை வழக்கில் வரும் என்று முன்கூட்டித் தெரியாதாகையால், எல்லோருடைய எல்லாச் செய்திகளுக்கும் குறியிட்டு வைக்க நேரும்.

2021 ஆம் ஆண்டு விதிகள்

இவ்விவாதம் முடியுமுன்பே, மத்திய சர்க்கார் 2021 பிப்ரவரி 25 அன்று தகவல் தொழில்நுட்ப விதிகளை வெளியிட்டது. 50 லட்சத்திற்கு மேற்பட்ட பயனாளிகளைக் கொண்ட செய்தித் தளங்கள், நீதிமன்றமோ அதிகாரம் பெற்ற சர்க்கார் அதிகாரியோ உத்தரவிட்டால், இந்தியாவில் ஒரு செய்தியின் முதல் மூலகர்த்தாவைக் காட்ட வேண்டும் என்பது 4(2) ஆம் விதி. நாட்டின் இறையாண்மை, பொது ஒழுங்கு, பெண்களையும் குழந்தைகளையும் பற்றிய பாலியல் கொடுமை முதலிய கடுமையான குற்றங்களுக்கே இவ்வுத்தரவு இடலாம். அந்தரங்கத்தை இதனினும் குறைவாகப் பாதிக்கும் வழி இருப்பின் இதனைக் கையாளலாகாது என்ற கட்டுப்பாடுகளும் அவ்விதியில் உண்டு. செய்தி அயல்நாட்டில் தோன்றியதாயின், இந்தியாவில் அதனை முதலில் இட்டவரே மூலகர்த்தாவாகக் கருதப்படுவார் என்றும் அது கூறுகிறது. மேலே நாம் சொன்ன அண்டை வீட்டார் உதாரணம் வெறுங்கற்பனை அன்று என்பது இதனால் விளங்கும்.

2021 மே மாதம் வாட்ஸப் நிறுவனம் இவ்விதியை எதிர்த்து டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கிட்டது. மறையீட்டை உடைக்கச் சொன்னால் இந்நாட்டில் தன் சேவை இல்லாது போகும் என்று 2024 ஏப்ரலில் அதன் வக்கீல் நீதிமன்றத்தில் கூறினார்.

கம்பெனியின் வாதத்தையும் மக்களின் உரிமையையும் நாம் ஒன்றாகக் கொள்ளலாகாது. கம்பெனிக்குத் தன் வியாபாரம் உண்டு. நம் தொடர்பு விவரங்களைக் கொண்டு வருமானம் தேடும் நிறுவனங்களே மறையீட்டுக்காகவும் வாதாடுகின்றன. மக்களின் சார்பில் பேச மக்கள் அமைப்புகளே வேண்டும்.

அந்தரங்க உரிமை வந்த வழி

அந்தரங்கம் என்பது மேல்நாட்டு நாகரிகம், நம் கிராமத்தாருக்கு அது எதற்கு என்று கேட்போர் உளர். இவ்வுரிமையை நம் நாட்டுச் சட்டத்தில் ஊன்றிய வழக்குகளுள் ஒன்று தமிழ்நாட்டிலிருந்து சென்றதாகும். மரண தண்டனைக் கைதியான ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்தபோது அதிகாரிகள் தடுத்தனர். அதன்மேல் 1994 இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒருவரை அவர்பாட்டில் வாழவிடுதல் அவரது உயிர் வாழும் உரிமையின் பகுதி என்று கூறிய நீதிமன்றம், அதிகாரிகள் தம்மைப் பற்றிய எழுத்தை முன்கூட்டியே தடை செய்யும் அதிகாரம் பெற்றவரல்லர் என்றும் உறுதி செய்தது. குடிமகனின் அந்தரங்கமும் பத்திரிகையின் பேச்சுரிமையும் ஒரே தீர்ப்பில் காக்கப்பட்டமை நாம் கருதத்தக்கது.

2017 ஆகஸ்டு 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 9 நீதிபதிகள் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். சர்க்கார் அதில் தலையிட வேண்டுமாயின் அதற்குச் சட்டம் இருத்தல் வேண்டும்; நோக்கம் நியாயமாக இருத்தல் வேண்டும்; எடுக்கும் நடவடிக்கை தேவையின் அளவை மிஞ்சாதிருத்தல் வேண்டும். 2018 செப்டம்பர் 26 ஆம் நாள் தீர்ப்பில், சர்க்கார் உதவிகளுக்கு ஆதார் செல்லும் என்று கூறிய நீதிமன்றம், வங்கிக் கணக்குக்கும் சிம் அட்டைக்கும் அதனைக் கட்டாயமாக்கியது செல்லாது என்று முடிவு செய்தது.

இணையத்தில் எழுதுவோர்க்கு மற்றொரு பாதுகாப்பும் கிடைத்தது. 2012 இல் புதுச்சேரியைச் சேர்ந்த சிறுதொழில் முதலாளி ஒருவர், ஒரு மந்திரியின் மகனைப் பற்றி ட்விட்டரில் சில சொற்கள் எழுதியதற்காகத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவின்கீழ்க் கைது செய்யப்பட்டார். இத்தகைய கைதுகள் பல நிகழ்ந்தபின், 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அப்பிரிவையே நீக்கிற்று. அதே ஆண்டில், எல்லா இணையதளங்களும் வேறுபாடின்றி எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்று 10 லட்சத்துக்கு மேற்பட்ட மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்துக்குச் சென்றன. 2016 பிப்ரவரி 8 அன்று வேறுபட்ட கட்டண முறையை ஆணையம் தடை செய்தது. தனித்தனியே சிறியவரானோர் ஒன்றுகூடிப் பெரிய கம்பெனிகளை எதிர்நின்ற இந்நிகழ்ச்சி, கூட்டுறவாளராகிய நமக்குப் புதிதாகத் தோன்றாது.

நம் சங்கத்தின் பேரேடு

இனி நம் வீட்டுக் காரியத்துக்கு வருவோம். அங்கத்தினரின் பெயர், நிலத்தின் சர்வே எண், கடன் பாக்கி, நகை அடகு, ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைரேகை ஆகியவற்றை வைத்திருப்பவை கூட்டுறவுச் சங்கங்களே. முன்பு இவை பேரேட்டில் பூட்டிய அலமாரிக்குள் இருந்தன. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள் 63,000ஐக் கணிப்பொறி மயமாக்கும் திட்டத்தை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் மத்திய சர்க்கார் 2022 ஜூனில் ஏற்றது. வேலை விரைவாகும், கணக்கில் பிசகு குறையும். ஆனால் அலமாரியிலிருந்து ஒரு பேரேட்டைத் திருடியவன் ஒரு சங்கத்தையே திருடினான். கணிப்பொறியில் திருடுபவன் ஒரே இரவில் மாநிலத்தையே அள்ளிச் செல்லக்கூடும். பொது விநியோகத் திட்டத்தில் பதிவான தமிழக மக்கள் சுமார் 50 லட்சம் பேரின் விவரங்கள் இணையத்தில் வெளியாகியுள்ளதாக 2021 இல் ஒரு தனியார் பாதுகாப்பு நிறுவனம் அறிவித்தது. வேறு மாநிலங்களில், நிலப்பதிவுப் பத்திரங்களில் காணப்பட்ட கைரேகைகளைப் போலியாக வார்த்து, ஆதார் வழிப் பணப் பட்டுவாடா மூலம் ஏழைகளின் கணக்கிலிருந்து பணம் எடுத்த குற்றங்களும் வெளிப்பட்டன. சாவி தொலைந்தால் பூட்டை மாற்றலாம். கைரேகையை மாற்ற இயலாது.

2023 ஆகஸ்டில் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இது குறித்து எழுந்ததே. எதற்காக விவரம் வாங்குகிறோம் என்று அறிவித்து, இசைவு பெற்றே வாங்க வேண்டும். அவ்வறிவிப்பைத் தமிழில் கேட்டுப் பெறலாம். கொடுத்த இசைவைத் திரும்பப் பெறலாம். தவறைத் திருத்தக் கோரலாம். பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாத அவகாசம் வகுக்கப்பட்டது.

இச்சட்டத்தில் குறைகளும் உண்டு. மத்திய சர்க்கார் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கலாம் என்பது ஒன்று. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஒ) பிரிவைத் திருத்தி, தனிநபர் விவரம் என்ற காரணத்தால் பொதுத் தகவலை மறுப்பதை எளிதாக்கியது மற்றொன்று. உதவித்தொகைப் பட்டியலைச் சரிபார்த்து ஊழலை வெளிக்கொணரும் மக்கள் இயக்கங்கள் இதனை எதிர்த்துள்ளன. அங்கத்தினரின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். நிர்வாகத்தின் கணக்கோ வெளிச்சத்தில் இருத்தல் வேண்டும். எளியவர் பக்கம் திரையும் அதிகாரம் உடையோர் பக்கம் சாளரமும் அமைவதே நியாயமான கட்டடம்.

நாம் செய்யத்தக்கவை

அங்கத்தினர் ஒவ்வொருவரும் பின்வருவனவற்றைக் கைக்கொள்ளுதல் நலம்.

ஆதார் நகல் கொடுக்க நேரும்போது, முதல் 8 இலக்கங்கள் மறைக்கப்பட்ட நகலைக் கொடுக்கலாம். கைரேகையைப் பூட்டிவைக்கும் வசதி ஆதார் ஆணையத்தின் தளத்தில் உண்டு, வேண்டும்போது திறந்துகொள்ளலாம். செல்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை, சங்கத்து ஊழியர் என்று சொல்லிக் கேட்பவருக்கும் தரலாகாது. பணம் பறிபோயின் காலந்தாழ்த்தாது 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

‘பலமுறை அனுப்பப்பட்டது’ என்னும் குறியுடன் வரும் செய்தியை, விசாரித்து அறியாமல் பிறர்க்கு அனுப்பலாகாது. 2018 இல் நிகழ்ந்த கொலைகளுக்குப் பின்னரே, ஒரு செய்தியை ஒரே சமயத்தில் 5 பேருக்கு மேல் அனுப்ப இயலாதபடி வாட்ஸப் இந்தியாவில் வரம்பு வைத்தது. எவருடைய அந்தரங்கத்தையும் தொடாமல் வதந்தியின் வேகத்தைக் குறைத்த ஏற்பாடு இது. நம் கையடக்கம் அதனினும் சிறந்த ஏற்பாடாகும்.

சங்க நிர்வாகம் செய்ய வேண்டியதும் உண்டு. கடன் பாக்கிப் பட்டியலை வாட்ஸப் குழுவில் இடும் வழக்கம் எங்கேனும் இருப்பின் அது உடனே நிற்றல் வேண்டும். அங்கத்தினர் விவரங்களை யார் பார்க்கலாம், எத்தனை காலம் வைத்திருக்கலாம் என்பதைப் பேரவைக் கூட்டத்தில் தீர்மானமாக இயற்றலாம். தேவையற்ற விவரத்தைக் கேளாதிருப்பதே முதற் பாதுகாப்பு. நம்மிடம் இல்லாத பொருளை எவனும் நம்மிடமிருந்து திருட இயலாது.

குற்றம் செய்தவன் தண்டிக்கப்பட வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை. போளூரில் கை ஓங்கியவர்களைக் கைது செய்யக் காவலர்க்கு, நாட்டு மக்கள் அனைவரின் செய்திகளுக்கும் குறியிடும் ஏற்பாடு தேவைப்படவில்லை. ஒருவரைச் சந்தேகித்து, நீதிமன்றத்தின் அனுமதியுடன் தேடுவது விசாரணை. எல்லோரையும் முன்கூட்டியே குறித்து வைப்பது வேறு காரியம். அதன் பாரம், கூலி வரவில்லை என்றும், விடுதிச் சோறு கெட்டது என்றும் முதலில் சொல்லத் துணிபவர் மேலேயே விழும். அத்தகையவர் நம் பிள்ளைகளுள் ஒருவராக இருக்கக்கூடும் என்பதை நினைவிற்கொண்டு, அங்கத்தினர்கள் இவ்விஷயத்தை அடுத்த பேரவைக் கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.